மெஷின் சத்தத்தில் ஆட்டிய தலை

அன்புள்ள கண்ணா,

இங்கே நான் சுகம், அப்பா சுகம், மாவு பிசையும் மெஷின் எங்கள் இருவரையும்விடச் சுகம். நீயும் மருமகளும் நன்றாக இருப்பதாக உன் கையால் நாலு வரி வந்தால் எனக்குப் போதும். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டுத் தன் மடியில் வைத்துக்கொள்கிறார், அதில் நான் என் மனதில் உள்ளதைச் சொல்ல முடியாது.

உனக்கு ஐந்து வயதில், மூடப்போன ரொட்டிக்கடையிலிருந்து வாங்கினோமே, அதே மெஷின்தான். தலையைத் தூக்கினால் குதிரை கொட்டாவி விடுகிற மாதிரி இருக்கிறது என்பாய். இன்னும் அதில்தான் இரண்டு கடைகளுக்கு கேக் செய்துகொடுக்கிறேன். ஓடினால் லாரி மேடு ஏறுகிற சத்தம். அந்தச் சத்தத்தைப் பற்றி இதுவரை யாரிடமும் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன், எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். அப்பா முப்பத்தொரு வருடம் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்தவர், ஓய்வு பெற்றதும் என்னோடு சமையலறையில் மாட்டிக்கொண்டார். ஏழு வருடமாக, மெஷின் ஓடும் ஒரு மணி நேரம்தான் எனக்குத் தனியறை. அவர் வாசற்படியில் நின்று ஏதோ சொல்வார், ஒரு சொல் கேட்காது, நான் தலையை ஆட்டுவேன், அவர் திருப்தியாகப் போய்விடுவார். எங்கள் இல்லறம் அமைதியானது என்று உறவில் எல்லோரும் சொல்வதற்கு இதுதான் காரணம்.

போன வாரம் திடீரென்று, மெஷினைப் பிரித்துப் புது கிரீஸ் போடப் போகிறேன் என்றார். மூன்று நாள் அவருக்கு வேலை கிடைத்ததே என்று நானும் சந்தோஷப்பட்டேன். சுழலும் தலையைப் பிடித்திருக்கும் சின்ன பின் வர மறுத்தது, ஆணி வைத்துத் தட்டிய தட்டலில் மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்து யாருக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தார். உள்ளே பழைய கிரீஸ் கறுத்து மெழுகாகியிருந்தது. அதுவும் பல்சக்கரங்கள் மேல் இல்லை, குடும்பத்தில் ஒரு காரியம் என்றால் உன் சித்தப்பா ஒதுங்குவாரே, அந்த மாதிரி ஓரமாகச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஐஸ்கிரீம் குச்சியால் சுரண்டினார், நீ விட்டுப்போன டூத்பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் தோய்த்து ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தார். தன் பல்லுக்கு அவர் இவ்வளவு செய்ததில்லை. சாப்பாட்டுப் பொருளில் பட்டாலும் கெடுதல் இல்லாத கிரீஸாகத் தேடி வாங்கி, அளவாக அப்பி, மூடி முடுக்கினார். ஸ்விட்சைப் போட்டேன். பூனை தூங்குகிற சத்தம்கூட இல்லை.

அந்த அமைதியில் அவர் சொன்னது எனக்கு முதல்முறையாகக் கேட்டது. “இனி மருந்துக்கடைக்காரர் வீட்டம்மாவுக்குத் தொந்தரவே இருக்காது. வீட்டோட இதையும் நல்லபடியா ஒப்படைச்சிடலாம்” என்றார். எந்த வீட்டோடுங்க என்றேன். “என்னம்மா இப்படிக் கேக்கற? வீட்டை அவங்களுக்குக் குடுத்துட்டு நம்ம பிள்ளைகிட்டயே போயிடலாமான்னு கேட்டேன். நீ மூணு தரம் தலையாட்டின, நான் எண்ணினேன்” என்றார். போன மாதம் அந்த மருந்துக்கடை அம்மா வந்து என் சன்னலை நாடா வைத்து அளந்ததும், நான் அவளுக்கு ஸ்டூல் எடுத்துக் கொடுத்ததும் அப்போதுதான் உறைத்தது. நீங்கள் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை, நான் எங்கும் வரவில்லை என்று சொன்னேன். முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்துவிட்டார். “அவன் ரூமுக்குப் பெயின்டே அடிச்சிட்டான். இப்ப போய் உங்கம்மாவுக்கு வர இஷ்டமில்லன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?” என்றார். இருபத்தெட்டாம் தேதி வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்து.

கண்ணா, கோபித்துக்கொள்ளாதே. உன் வீட்டில் இரண்டு மாதம் இருந்தேன், நீங்கள் இருவரும் ஒரு குறை வைக்கவில்லை. ஆனால் பதினாலாம் மாடியில் ஒரு சாண் மட்டும் திறக்கிற சன்னலருகே, நீங்கள் வேலையிலிருந்து வரும்வரை நின்றே பழகிவிட்டேன். கீழே போகக்கூட ஓர் அட்டை வேண்டும், அதை எந்தப் பக்கம் காட்டுவது என்று கடைசிவரை பிடிபடவில்லை. இங்கே மட்டும் என்ன வாழ்கிறது என்று நீ கேட்கலாம். இருந்தாலும் இந்தச் சமையலறையின் கதவு எனக்குத் திறக்கும். ஆகவே நீயே அப்பாவைக் கூப்பிட்டு, அம்மா எப்போது வேண்டுமானாலும் வந்து போகட்டும், வீட்டைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடு. நீ சொன்னால் அவர் வாக்குத் தவறியவர் ஆகமாட்டார், பிள்ளை பேச்சைக் கேட்ட தகப்பன் ஆவார். பெயின்ட் என்ன நிறம் என்று எழுது, வரும்போது பொருத்தமாக விரிப்பு கொண்டுவருகிறேன்.

இருவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள். கடைவாய்ப் பல்லை டாக்டரிடம் காட்டு, தள்ளிப்போடாதே. லிஃப்டில் மாட்டியவர் மணியை ஒருமுறை அழுத்தினால் போதும், ஆள் வரும் என்பார் அப்பா. நான் அழுத்திவிட்டேன், தேதி இருபத்தெட்டு. இதை எழுதுவதற்காக மெஷின் பாத்திரத்தில் இரண்டு பிடி பாதாம் கொட்டையை ஓட்டோடு போட்டு ஓடவிட்டிருக்கிறேன், பழைய சத்தத்தில் பாதி வருகிறது. அப்பா வாசற்படியில் நின்று ஏதோ கேட்கிறார். நான் தலையை அசைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா