நின்று நின்று எழுதிய பேனா

இன்று காலை மண்ணரைக்குப் போகிற டவுன் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததுமே தைல மணம் எழுந்தது. நெற்றியில் தடவியிருந்தாளா, கையில் தடவியிருந்தாளா என்று எனக்கு எப்படித் தெரியும்? கண் தெரியாதவனுக்கு மணம் மட்டும்தான் வந்து சேரும். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிவிட்டேன். "ஏனுங் சார், தூங்கிட்டீங்களா?" என்று கண்டக்டர் கேட்டார். ஆமாம் என்று பொய் சொல்லிவிட்டு இறங்கி, தடியைத் தட்டிக்கொண்டே திரும்பி நடந்தேன். தூங்கவில்லை அம்மணி. உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த மடலைப் பிரெய்ல் பலகையில் ஊசி கொண்டு நானே குத்தி எழுதுகிறேன். யார் கையையும் கடன் வாங்கவில்லை. நீ உயிரோடு இருந்தாலும் இந்தப் புள்ளிகளை உன்னால் படித்திருக்க முடியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்.

உன்னை முதன்முதலில் தலைமையாசிரியர் அறைக்குக் கூட்டி வந்த நாள் உனக்கு நினைவிருந்ததா என்று நான் கேட்டதே இல்லை. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கோயம்புத்தூரில் பார்வையற்றோர் விடுதிப் பள்ளியில் எட்டாவது வரை படித்துவிட்டு நான் ஊர்ப் பள்ளிக்கு வந்து சேர்ந்திருந்தேன். இரண்டு வருடம் யாருக்கும் என்னால் தொந்தரவு இல்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து காதால் படித்துக்கொண்டிருந்தேன். பத்தாவது பொதுத் தேர்வு நெருங்கிய பிறகுதான் நான் ஒரு சிக்கலாக ஆனேன்.

"பையன் கெட்டிக்காரன்தானுங்க, நான் இல்லேன்னு சொல்லல. ஆனா இது கவர்ன்மென்ட் பரீட்சையாச்சே. மெட்ராஸ்ல இருந்து பேப்பர் வருது. இவனால நம்ம ஸ்கூல் ரிசல்ட்டு கொறஞ்சா நான் யாருக்குப் பதில் சொல்றது? பிரைவேட்டா எழுத வெச்சுக்குங்களேன்" என்றார் தலைமையாசிரியர்.

என் அப்பா சாயப்பட்டறையில் வேலை செய்தவர். யாரிடமும் எதிர்த்துப் பேசி அறியாதவர். அன்றைக்கு மட்டும், "இல்லீங் சார். எல்லாப் புள்ளைங்களோடயும் ஒண்ணா எழுதோணுமுங்க" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். வேறு வாதம் அவரிடம் இல்லை. கடைசியில் மேலிடத்துக்கு எழுதிப்போட்டு அனுமதியும் வந்தது. நான் சொல்வதை எழுத ஓர் ஆள் வைத்துக்கொள்ளலாம், அந்த ஆள் கீழ் வகுப்பில் படிப்பவராக இருக்க வேண்டும் என்று நிபந்தனை. அப்படித்தான் ஒன்பதாம் வகுப்பிலிருந்து உன்னைக் கூட்டி வந்து நிறுத்தினார்கள்.

"எழுத்து முத்து முத்தா இருக்கும். மத்தபடி சுமார்தான். நமக்கு அதுதானுங்க வேணும். தானா எதையும் சேத்து எழுதிப்போடக் கூடாதில்லீங்களா" என்று தலைமையாசிரியர் என் அப்பாவிடம் சொன்னார், உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. நானோ, எனக்கு ஆள் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். ஒரு பெண்ணை அவள் முகத்துக்கு நேரே மட்டம் தட்டுகிறார்களே என்று ஒரு துளி உறைக்கவில்லை.

மற்றவர்களெல்லாம் பெரிய ஹாலில் எழுத, நம் இரண்டு பேரையும் விளையாட்டுச் சாமான் போடுகிற அறையில் உட்கார வைத்தார்கள். பழைய கால்பந்துத் தோல் வாசம், சுண்ணாம்பு வாசம், அதற்கு நடுவில் உன்னிடமிருந்து தைல வாசம். உனக்குச் சளி பிடித்திருக்கிறது என்று நானாக முடிவு செய்துகொண்டேன். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். இந்தக் கழுதைக்கு வாசனை தெரிந்தது, அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

கேள்வியை வாசிப்பதும், நான் சொன்னதை எழுதுவதும், கேட்டால் திருப்பி வாசிப்பதும்தான் உன் வேலை. வேறு பேச்சுக் கூடாது. கண்காணிப்புக்கு வந்த வாத்தியார் ஒருவர் வாசலை அடைத்து நாற்காலி போட்டிருந்தார். அதனால் எனக்கு உன் பேனா மட்டும்தான் பேச்சுத் துணை. காகிதத்தில் அது ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். திடீரென்று நிற்கும். கொஞ்சம் கழித்து மறுபடி ஓடும்.

சமூக அறிவியல் தேர்வில் பருத்தி விளைகிற மண் எது என்று ஒரு கேள்வி. செம்மண் என்றேன். பேனா நின்றது. எனக்குள் ஏதோ பொறி தட்டியது. 'அய்யோ, தப்பு' என்று புரிந்து, "கரிசல் மண்ணுன்னு எழுது" என்றேன். பேனா ஓடியது. அந்த நிமிடத்தில் நான் ஒரு பெரிய கண்டுபிடிப்பைச் செய்துவிட்டதாக நினைத்தேன். இந்தப் பெண் வாயைத் திறக்காமல் எனக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்! அதிலிருந்து உன் பேனா நின்றால் நான் பதிலை மாற்றுவேன், ஓடினால் அடுத்ததற்குப் போவேன். வாத்தியாருக்குத் தெரியாமல் இரண்டு பேரும் கூட்டுக் களவாணிகள் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம்.

அறிவியல் தேர்வில் இரத்தம் உறையத் தேவையான வைட்டமின் எது என்று கேட்டிருந்தார்கள். கே என்று சரியாகத்தான் சொன்னேன். பேனா நின்றது. உடனே சி என்று மாற்றினேன். வெளியே வந்து பையன்களிடம் விசாரித்தபோது என் முதல் பதில்தான் சரி என்று தெரிந்தது. வந்ததே கோபம். தெரியாவிட்டால் சும்மா இருக்க வேண்டியதுதானே, எதற்குப் பேனாவை நிறுத்துகிறாள் என்று உன்மேல் பொருமினேன். அன்றைக்கு வழிநெடுக நான் உன்னோடு பேசவில்லை. நீ என் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டவிட்டு, "வரட்டுங்களாண்ணா" என்றாய். அதற்குக்கூட நான் பதில் சொல்லவில்லை.

நான் பாஸானேன், அதுவும் நல்ல மார்க்கில். என்னை எழுதவிடத் தயங்கிய அதே தலைமையாசிரியர் எனக்கு மாலை போட்டு, எங்கள் பள்ளியின் பெருமை என்று மைக்கில் பேசினார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். உள்ளே மட்டும் ஒரு முள். இதில் எத்தனை மார்க் என்னுடையது, எத்தனை உன்னுடையது? அந்த மேடைக்கு உன்னைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை என்பதுதான் இதில் மோசம். நீ அப்போது பள்ளியிலேயே இல்லை. முழுப் பரீட்சை லீவுக்கு என்று பனியன் கம்பெனிக்குப் போனவள் ஜூன் மாதம் திரும்பி வரவில்லை. எனக்காகப் பொதுத் தேர்வு எழுதிய கை, தனக்காக அதை எழுதவே இல்லை.

பல வருடம் கழித்து, இதே மண்ணரை பஸ்ஸில்தான் மறுபடி சந்தித்தோம். நான் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெலிபோன் போர்டில் உட்கார்ந்திருந்தேன். பத்தாவது பாஸ் என்ற சான்று இல்லாமல் அந்த நாற்காலி எனக்குக் கிடைத்திருக்காது. "அண்ணா, என்னயத் தெரியுதுங்களா?" என்று ஒரு குரல். உன் பள்ளிக்கூடத்துக் குரல்தான் எனக்குத் தெரியும், வளர்ந்த குரல் தெரியாது. விழித்தேன். பிறகு தைல வாசம் வந்தது.

எத்தனையோ நாள் மனதில் கிடந்ததை அன்றைக்குச் சொல்லிவிட்டேன். "நீ பேனாவ நிறுத்தி நிறுத்திக் காட்டுனதுலதான் அம்மணி நான் பாஸானேன்" என்றேன்.

நீ புரியாமல், "நான் எங்கீங்ண்ணா காட்டுனேன்?" என்றாய். அப்புறம் சிரித்துவிட்டாய். "அய்யோ அண்ணா, அது பெருவெரல் வலிங்ண்ணா! அம்மா கம்பெனியில இருந்து பனியன் பீஸ் வாங்கியாந்து ஊட்டுல நூல் பிசிறு வெட்டுமில்லீங்களா, நானுந்தான் வெட்டுவேன். கத்தரி புடிச்சுப் புடிச்சு, தைலம் தேச்சாலும் வெரல் மடங்காதுங்க. கொஞ்சம் எழுதுனா நின்னுக்கும். உதறிப்போட்டு மறுபடி எழுதுவேன்."

"பரீட்சையன்னைக்குமா வெட்டுன?"

"காலையில பீஸ் குடுக்கோணுமில்லீங்களா?"

இதைக் கேட்டதும் எனக்கு என்ன தோன்றியது என்று சொல்கிறேன், கேள். நிம்மதி. அம்மணி, சத்தியமாக நிம்மதிதான் முதலில் வந்தது. அப்படியென்றால் என் மார்க் எல்லாம் என்னுடையதுதான், நான் காப்பி அடிக்கவில்லை என்று மனசு லேசாகிவிட்டது. ஒரு பெண் வலியில் பேனாவை நிறுத்தியதை எனக்கு விடை சொல்வதாக எண்ணினேன். அது இல்லை என்று தெரிந்தபோதும், என் கணக்கைத்தான் சரிபார்த்துக்கொண்டேன். இப்போ வெரல் எப்படி இருக்குது என்று ஒரு வார்த்தை உன்னைக் கேட்கவில்லை.

நீயாகத்தான் சொன்னாய். கம்பெனியில் கத்தரி பிடிக்கவே முடியவில்லை என்றாய். வீட்டுக்குப் பக்கத்தில் பால்வாடிக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள், பத்தாவது பாஸாகியிருந்தால் போதுமாம் என்றாய். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "ஏனுங்ண்ணா, நான் பத்தாவது எழுதுனா எனக்கும் ஒரு ஆளு குடுப்பாங்களா? நான் சொல்லச் சொல்ல எழுதறதுக்கு?" என்று கேட்டாய்.

நான் சிரித்தேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்திருக்கும், அவ்வளவு சத்தமாகச் சிரித்தேன். "அதெல்லாம் என்னயாட்டம் கண்ணு தெரியாதவங்களுக்குத்தான் அம்மணி. கை வலிக்குதுன்னா ஆளு குடுப்பாங்களா? அப்பறம் ஊரே கை வலிக்குதுன்னு வந்து நிக்கும்" என்றேன்.

"ஆமாங்ண்ணா, நாயந்தானுங்க" என்று நீயும் சிரித்தாய். உன் நிறுத்தம் வந்தது, இறங்கிப் போனாய்.

அதன் பிறகு உன்னை நான் பார்க்கவில்லை. காமாலையில் நீ போய்ச் சேர்ந்த சேதியே, காரியமெல்லாம் முடிந்த பிறகு உன் அம்மா என் வீட்டுக்கு வந்தபோதுதான் தெரிந்தது. நீ விட்டுப்போன சின்ன மகளைப் பள்ளியில் சேர்ப்பது பற்றிக் கேட்க வந்திருந்தார். பிறப்புச் சான்று இல்லையாம். "அது இல்லாமச் சேத்த மாட்டாங்களேங்கம்மா" என்று நான் வழக்கம்போலப் படித்தவன் தோரணையில் ஆரம்பித்தேன்.

"உங்களுக்குத்தான் தம்பி ரூல்ஸெல்லாம் தெரியும். அம்மணியும் அதைத்தான் சொல்லுவா" என்றார் உன் அம்மா. "பத்தாவது எழுதிப்போடோணுமுன்னு ஒரே புடியா நின்னா. பக்கத்தூட்டுப் புள்ளகிட்டப் புஸ்தகமெல்லாங்கூட வாங்கியாந்து வெச்சிருந்தா. ஒரு நாளு பஸ்ஸுல உங்களப் பாத்தாளாமா. எழுத ஆளு கெடைக்காதுன்னு நீங்க சொன்னீங்களாமா. அண்ணனே சொல்லிப்போட்டாங்க, அப்பறம் என்னம்மான்னா. அதோட விட்டுட்டா."

அவர் குறையாகச் சொல்லவில்லை. என்மேல் வைத்த மரியாதையாகத்தான் சொன்னார். பிறப்புச் சான்றைப் பற்றி ஆரம்பித்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கல்வி அலுவலகத்துக்குப் போனேன். உன் மகள் விஷயத்தை முதலில் கேட்டேன். "சேத்துக்கலாமுங்க. பொறந்த தேதிய ஒரு பத்திரத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாப் போதும்" என்றார் அங்கிருந்தவர். பிறகு இன்னொன்றையும் கேட்டேன். கேட்காமலே வந்துவிடலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன், அவ்வளவு பயமாக இருந்தது. பெருவிரல் மடங்காத ஒரு பெண் பத்தாவது எழுத ஆள் கிடைக்குமா என்றேன்.

"கை முடியாதவங்களுக்கும் உண்டுங்களே" என்றார் அவர், காகிதங்களைப் புரட்டிக்கொண்டே. "டாக்டர்கிட்ட எழுதி வாங்கியாரச் சொல்லுங்க. பொண்ணு பேரென்னங்க?"

சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எல்லாரோடும் ஒன்றாக எழுத வேண்டும் என்று என் அப்பா கும்பிட்டுக் கேட்டு எனக்குத் திறந்துவிட்ட கதவு அது. அதற்குள் நுழைந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, இது எனக்கு மட்டும் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். தலைமையாசிரியராவது கடைசியில் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். நான் யாரையும் கேட்காமலே சொல்லிவிட்டேன்.

உன் மகள் இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கூடம், பரீட்சை, சான்று என்று இந்தப் பக்கத்தில் எதற்கும் இன்னும் என்னிடம்தான் கேட்க வருகிறார்கள். தெரிந்ததுபோல் இருந்தாலும், "தெரியாதுங்க, கேட்டுச் சொல்றேன்" என்கிறேன். போய்க் கேட்கவும் செய்கிறேன். சொல்வதற்கு ஒன்றும் சிரமமில்லாத பேச்சுத்தான் அது. அன்றைக்கு பஸ்ஸில் உன்னிடம் அதைச் சொல்லியிருந்தால் போதும், நீ பத்தாவது எழுதியிருப்பாய்.