ஒன்பதாவது பலகை

பாய்,

இன்று காலை செங்கல்பட்டு ரயில்வே யார்டில் ஒரு வேகனுக்குக் காவி அடித்துக்கொண்டிருந்தார்கள். கூட்ஸ் ஷெட்டுக்குப் போகிற வழியில் ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் கலந்த வாடை வந்தது. அப்படியே நின்றுவிட்டேன். வாரத்தில் ஆறு நாள் உன் சட்டையில் இருந்த வாடை அது. வெள்ளிக்கிழமை மட்டும் குளித்து, அத்தர் பூசி, தொழுகைக்குப் போய்விட்டு வருவாய். அன்றைக்கும் கிட்டே வந்தால் அத்தருக்கு அடியில் அது லேசாக இருக்கும்.

புதுப் பெயின்டர் எழுதியிருந்ததைப் பார்த்தேன். நம்பரில் எட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பக்கத்தில் நின்ற யார்டுத் தொழிலாளி, ஒரு கலாசி, "நம்ம பாய் இருந்தா இப்டி உடுவாரா சார்?" என்றான். நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இன்னும் உன் பேச்சுத்தான். எனக்குச் சுருக்கென்றது. உன்னைப் புகழ்ந்தால் எனக்கு எப்போதும் அப்படித்தான் இருந்தது என்பதை நீ உயிரோடு இருந்தபோது உன்னிடம் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன்.

நமக்கு ஒரே பைத்தியம். நான் கருங்குழியிலிருந்து வந்த கூட்ஸ் குமாஸ்தா. நீ வேகன்களுக்கு நம்பரும் எடையும் எழுதுகிற பெயின்டர். வேலை முடிந்ததும் இரண்டு பேரும் தேயிலைப் பெட்டிப் பலகையையும் தகரத்தையும் வைத்துக்கொண்டு ஒரு முழ நீளத்தில் கூட்ஸ் வேகன்கள் செய்வோம். சிரித்தவர்கள் சிரித்தார்கள். ஆணி எத்தனை, பலகை எத்தனை, கொண்டி எந்தப் பக்கம் என்று நாம் மணிக்கணக்கில் சண்டை போட்டோம்.

என் முதல் வேகன் உனக்கு ஞாபகம் இருக்குமா? மூன்று மாத வேலை. ரயில்வே ஊழியர்கள் கூடும் இன்ஸ்டிடியூட்டில் கேரம் மேசையில் வைத்து எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். நீ குனிந்து பார்த்தாய்.

"இன்னா மச்சான், பழைய வண்டிக்குப் புது எழுத்துப் போட்டுகீற? இந்த வண்டி ஓடச்சொல்ல இந்த எழுத்தே கெடையாது."

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம். பழைய ரயில் கம்பெனிகளை ஒன்றாக்கி, வேகன்களில் புதிய ரயில்வேயின் பெயர் எழுத்துகளை எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுதியதே நீதான். எனக்கு அது உறைக்காமல் போயிற்று. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. மறுநாளே பிரஷ்ஷை எடுத்துவந்து என் வேகனில் பழைய எழுத்தை அழகாக எழுதிக் கொடுத்தாய். எல்லாரும் அந்த எழுத்தைத்தான் பாராட்டினார்கள். பலகையை இழைத்தவனை யாரும் கேட்கவில்லை. அன்றைக்கு ஆரம்பித்தது எனக்கு.

உனக்கு எதையும் அளக்க வேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு, இந்த வண்டிக்கு இங்கே கீல், அங்கே கொக்கி என்று சொல்வாய். நான் போய்ப் பார்த்தால் அப்படியே இருக்கும். எட்டாம் வகுப்பைத் தாண்டாத உனக்கு அது சும்மா வந்தது. வரைபடம் படிக்கத் தெரிந்த நான் உன்னிடம் வந்து கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

அந்த வருஷம்தான் நோட்டீஸ் வந்தது. மெட்ராஸில் பழைய வண்டிகளுக்கு ஒரு காட்சிக்கூடம் வைக்கப்போகிறார்கள். மரத்தால் செய்த பழைய உப்பு வேகன் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அது ஓடிய காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியே மாதிரி செய்து தருகிறவருக்குக் காட்சிக்கூடத்தின் மாடல் அறையில் வேலை. நீ அதை இரண்டு தடவை படித்தாய். பிறகு என்னைத் தனியாக ஓரமாக அழைத்துப் போனாய்.

"மச்சான், டாக்டரு பெயின்ட்டு வேலைய உட்டுடுன்றாரு. நெஞ்சுல சளி கட்டிகினு கீதாம். இந்த வேல கெடச்சா பொழச்சுக்குவேன்."

"உனக்குத்தான் கிடைக்கும் பாய். வேற யாரு இருக்காங்க?" என்றேன். சொல்லும்போதே நான் செய்யப்போகிற வேகனின் நீளத்தை மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்து உப்பு ஏற்ற வந்த வியாபாரியின் ஆள் ஒருவன் பேச்சோடு பேச்சாகச் சொன்னான். ஒரு காண்டிராக்டர் ஏலத்தில் எடுத்த பழைய உப்பு வேகனின் உடம்பு, சக்கரம் இல்லாமல், மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்தில் கிடக்கிறதாம். மீனவர்கள் வலை போட்டு வைக்கிறார்களாம். அன்று சாயங்காலம் நீ வந்து, "இன்னா விசேஷம்?" என்று கேட்டாய். "ஒண்ணுமில்ல" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை தனியாகப் பஸ் ஏறினேன். மாமல்லபுரத்தில் இறங்கி, சவுக்குத் தோப்பு ஓரமாக மணலில் ஒரு மணி நேரம் நடந்தேன். அது அங்கே இருந்தது. மேலெல்லாம் தார் பூசி, கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. ஒரு அம்மாள் பக்கத்தில் கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. டேப்பை எடுத்தேன். நீளம், அகலம், உயரம், பலகை, ஆணி, எல்லாவற்றையும் நோட்டில் குறித்தேன். பலகை எட்டு. இரண்டு தடவை எண்ணினேன். திரும்பும்போது ஏதோ புதையலைக் கிளப்பிக்கொண்டு வருகிறவன்போல வந்தேன்.

போட்டி நாளன்று இரண்டு வேகன்களும் ஒரே மேசையில் இருந்தன. என்னுடையது கச்சிதம். உன்னுடையது உயிர். எத்தனையோ தடவை உப்பு ஏற்றினால் கதவின் இரும்புப் பட்டை எப்படித் துருப்பிடிக்குமோ அப்படித் துருப்பிடித்திருந்தது. மெட்ராஸ் அதிகாரி நேராக உன்னுடையதைத்தான் கையில் எடுத்தார். கீழே வைக்கவே இல்லை. என்னுடையதை ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு அதைப் பொறுக்க முடியவில்லை, பாய்.

"சார், அதுல ஒரு தப்பு இருக்கு" என்றேன். "பலகை ஒன்பது வச்சிருக்காரு. எட்டுதான். நான் அசல் வண்டிய அளந்திருக்கேன்."

நோட்டை நீட்டினேன். அவர் புரட்டிப் பார்த்தார். உன்னைக் கேட்டார்:

"நீங்க எதை வச்சு ஒன்பதுன்னு சொல்றீங்க?"

"ஞாபகந்தான் சார். நான் எழுதின வண்டி."

"ஞாபகத்தைச் சாட்சியா வைக்க முடியாதே" என்றார் அவர். சொல்லும்போது அவருக்கே வருத்தமாகத்தான் இருந்தது. உன் வேகனை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு என்னுடையதை எடுத்தார்.

எல்லாரும் எனக்குக் கை கொடுத்தார்கள். நீயும் கொடுத்தாய். உன் கையில் காவி ஒட்டியிருந்தது. "எங்க அளந்த?" என்று மட்டும் கேட்டாய். "எனக்கும் ஒரு தபா காட்டு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போனேன். மறுத்திருக்கலாம். நீ தோற்றதை உன் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்று எனக்கு உள்ளுக்குள் ஆசையாக இருந்தது. மணலில் நடக்கும்போது நாலு தடவை நின்று இருமினாய். வண்டியைப் பார்த்ததும் இருமலையே மறந்துவிட்டாய். நேராகப் போய் அதன் அடி ஓரத்தில் மண்டியிட்டு, பேனாக்கத்தியால் தாரைச் சுரண்டினாய். உள்ளே வெள்ளை எழுத்து தெரிந்தது.

"இங்க பாரு" என்றாய்.

எடை எழுதிய வரி. எழுத்துகளின் மேல்பாதி மட்டும் இருந்தது. கீழ்ப்பாதி இல்லை. பலகை அதோடு முடிந்திருந்தது.

"எவனாச்சும் எழுத்தப் பாதியோட நிறுத்துவானா மச்சான்? கடைசி ரெண்டு பலகைக்கு நடுவுல வரும் இந்த வரி. கீழ்ப் பலகைய அறுத்துட்டாங்க."

கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த அந்த அம்மாள் நிமிர்ந்தாள். "ஆமா, அடிப்பலக மண்ணுல மக்கிப் பூட்ச்சு. எங்க வூட்டுக்காரருதான் அறுத்து அடுப்புல வச்சாரு." என்னைக் கையால் காட்டினாள். "இவரு அன்னிக்கி வந்து அளந்துகினே இருந்தாரு. ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லிருப்பேனே."

நீ முழங்காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு எழுந்தாய். உன் முகத்தில் வெற்றிக் களை எதுவும் இல்லை. பழைய சிநேகிதனைப் பார்த்தவன்போல அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். "என் எழுத்துதான்" என்றாய். அந்த நேரத்தில்கூட எனக்குப் பொறாமையாக இருந்தது.

திரும்பி வரும் வழியில் நான்தான் கேட்டேன்: "அதிகாரிகிட்ட சொல்லப் போறியா?"

"நான் சொல்ல மாட்டேன். நீ சொல்றதுன்னா சொல்லு."

நான் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், உத்தரவு வரட்டும், போய்ச் சேர்ந்த பிறகு சொல்லலாம் என்று தள்ளினேன். மெட்ராஸுக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் என் எட்டுப் பலகை வேகன், கீழே என் பெயர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து அதைப் பார்த்து வரைந்துகொண்டு போனார்கள். ஒவ்வொரு நோட்டிலும் எட்டுப் பலகை. எங்கேயும் இல்லாத ஒரு வண்டியை நான் ஓட விட்டிருந்தேன். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்தபடி நடக்கப் பழகிக்கொண்டேன்.

உன்னை விழுப்புரத்துக்கு மாற்றினார்கள். அங்கேயும் பெயின்ட்தான். மூன்று வருஷம் கழித்து, அடக்கம் முடிந்த மறுவாரம் எனக்குச் சேதி வந்தது. நெஞ்சுதான் என்றார்கள். நீ பீடி பிடிப்பாய். ஒரு நாளைக்கு ஒரு கட்டு. அந்தப் பீடியை நான் எத்தனை தடவை நினைத்துக்கொண்டேன் தெரியுமா? பெயின்ட் இல்லை, பீடிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதற்கு.

விழுப்புரத்தில் உன் வீட்டுக்குப் போனேன். உன் சம்சாரம் திரைக்குப் பின்னாலிருந்து பேசினாள். நான் போட்டியைப் பற்றி, பலகையைப் பற்றி, அதிகாரியைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். நீ ஏற்கெனவே சொல்லியிருப்பாய், அவள் என்னை வெறுத்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்துத்தான் போனேன்.

"அவுங்க இதெல்லாம் எங்கிட்ட சொன்னதே இல்லியே அண்ணே."

"ஒண்ணுமே சொல்லலியா?"

"உங்களப் பத்திச் சொல்வாங்க. கருங்குழிக்காரரு, பலகைய நல்லா எழப்பாருன்னு. போட்டின்னு ஒண்ணு நடந்துச்சுன்னே எனக்குத் தெரியாது."

அங்கேதான் எனக்கு மனசு உடைந்தது. இத்தனை வருஷம் நான் சுமந்துகொண்டு அலைந்ததை, நீ வீட்டு வாசலுக்குள்ளேகூடக் கொண்டுபோகவில்லை. என்னிடம் தோற்றதாக நீ நினைக்கவே இல்லை போலிருக்கிறது. நான் மட்டும் தனியாக ஓடி, தனியாக ஜெயித்திருக்கிறேன்.

அவள் அலமாரிக்கு மேலிருந்து, பழைய லுங்கியில் சுற்றிய உன் வேகனை எடுத்துத் திரைக்கு அடியில் தள்ளினாள். "உண்ம எதுவோ அதப் போய்ச் சொல்லிருங்க. அவுங்களுக்காக இல்ல. நீங்க சாப்பிட்டுத் தூங்கணும்ல."

திரும்பவும் குப்பத்துக்குப் போனேன். இந்தத் தடவை முதலில் அந்த அம்மாளோடு உட்கார்ந்து பேசினேன். பிறகு அந்தப் பாதி எழுத்துகளை மெல்லிய தாளில் அப்படியே படியெடுத்தேன். அதையும் உன் வேகனையும் ஒரு மன்னிப்புக் கடிதத்தையும் அதிகாரியின் மேசையில் வைத்தேன். அதே அதிகாரிதான். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அன்னைக்கே தெரியுமா உங்களுக்கு?"

"போட்டிக்கு அடுத்த வாரம் தெரிஞ்சுது சார்."

"அவர் உயிரோட இருந்தப்போ."

"ஆமா சார்."

அவர் கடிதத்தை மடித்து ஃபைலில் வைத்தார். ஒரு மாதத்தில் என்னைச் செங்கல்பட்டுக் கூட்ஸ் ஷெட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். என் வேகனைக் கையில் கொடுத்துவிட்டார்கள். கண்ணாடிப் பெட்டியில் இப்போது உன்னுடையது இருக்கிறது. கீழே உன் பெயர். போன மாதம் போய்ப் பார்த்தேன். ஏதாவது ஒரு தப்பு கிடைக்குமா என்று ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றித் தேடினேன். காவலாளி வந்து, "இன்னா சார், எதுனா தொலச்சிட்டியா?" என்று கேட்கும்வரை தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதே. உன் பெயருக்கு முன்னால் இரண்டு பேர் நின்று வியந்துகொண்டிருந்தபோது என் வயிறு எரிந்தது. அது நிஜம். நீ இல்லாத ஊரிலும் உன்னைவிட நன்றாகச் செய்ய வேண்டும் என்றுதான் கை பரபரக்கிறது. இப்போது மாடு ஏற்றும் பழைய வேகன் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். யார்டில் ஒருத்தர் விடாமல் கேட்டுக் கேட்டுத்தான் செய்கிறேன். முக்கால்வாசி முடிந்துவிட்டது. பிரேக் கைப்பிடி எந்தப் பக்கம் வரும் என்பதில்தான் நின்றுபோயிருக்கிறது. ஒருவன் இடப்பக்கம் என்கிறான், ஒருவன் வலப்பக்கம் என்கிறான். பழைய வரைபடமும் அகப்படவில்லை.

நீ கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பாய். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது, பாய்.