பேத்தி பேரில் திறந்த குழாய்

ஜூன் 3, செவ்வாய்

பெரியவனின் மகன் எலும்பு டாக்டர் ஆகிவிட்டான். மகள் பெற்ற பையன் கப்பலில் இஞ்சின் பார்க்கிறான், போன மாதம் பதவி ஏறினான். சின்னவனின் பெண் நீச்சலில் வெள்ளி வாங்கினாள். தங்கம் வாங்கியவள் இவளைவிட இரண்டு வயது மூத்தவள் என்பதை யாரும் சொல்வதில்லை, நான்தான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். எல்லாருக்கும் மேலே பெரியவனின் மகள். இன்று பெட்டியோடு வந்து இறங்கினாள். அவளுடைய கம்பெனியே அனுப்பியிருக்கிறது, அதுவும் சின்னவன் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கும் பால் ஆலைக்கு. நான் இருக்கும் சித்தப்பன் வீட்டிலேயே தங்கி வேலை பார்க்கப் போகிறாள்.

நான் ஐந்தாவதோடு நின்றவள். அவள் படித்த படிப்பின் பேர் இன்னும் என் வாயில் நுழையவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டால் “பெரிய படிப்பு” என்று சொல்லி முடித்துவிடுவேன்.

ஜூன் 5, வியாழன்

ஆலையின் கண்ட்ரோல் ரூமில் வரிசையாகத் திரைகளாம். எந்தத் தொட்டியில் எவ்வளவு பால், எவ்வளவு சூடு, எந்தக் குழாய் திறந்திருக்கிறது, எல்லாம் அதில் தெரியுமாம். அந்தத் திரைகளை மேனேஜர் எந்த ஊரில் இருந்தாலும் பார்ப்பதற்கு சர்வர் என்று ஒரு கம்ப்யூட்டர் வைக்கிறாள். அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் தயார் செய்தாள். கறுப்புத் திரையில் எழுத்தாக ஓடுகிறது.

“காசு குடுத்து வாங்கினதுல ஒரு படம்கூட வரலையாடி?”

“இது லினக்ஸ் பாட்டி. மூலைல உக்காந்து வேலை பாக்கும். அதுக்கு எதுக்கு அலங்காரம்?”

வெளியில் இருப்பவர்கள் ஜன்னல் வழியாகப் பார்க்கிற மாதிரி பார்க்கலாம், கை நீட்டித் தொட முடியாது என்றாள். அவளுடைய சாவி இருந்தால் மட்டும் தொட முடியும். எல்லாம் ஓடுகிறதா என்று அவள் சரிபார்க்க வேண்டுமே. சாவி என்றால் இரும்பு இல்லை, கம்ப்யூட்டருக்குள் எழுத்தாக இருப்பது.

சின்னவன் கேட்டுக்கொண்டே இருந்தான். “சித்தப்பனுக்கும் அந்த மாதிரி ஒண்ணு குடேன்.”

“பாக்குறதுக்குக் குடுத்தாச்சே சித்தப்பா. குழாயைத் திறக்கணும்னா அங்க போய் நின்னு தான் திறக்கணும். தொட்டிக்குள்ள ஆள் இருந்தா?”

“பாத்தியாம்மா, எனக்கே சட்டம் சொல்றா” என்று சிரித்தான். எனக்கும் பெருமையாக இருந்தது. பொய் சொல்வானேன்.

ஜூன் 8, ஞாயிறு

வெளியில் இருந்து திறக்கிறதா என்று பார்க்க அவளுடைய சாவியைச் சின்னவனின் கம்ப்யூட்டரில் போட்டாள். ஆலைத் தொட்டிகள் எங்கள் கூடத்தில் வந்து நின்றன! பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அதற்குள் ஆலையில் இருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். எதை அழித்தால் அந்தச் சாவி போகும் என்று சின்னவனுக்குத் தொட்டுக் காட்டிவிட்டு ஓடினாள். வந்ததும் கேட்டாள். “அழிச்சாச்சு கண்ணு” என்றான்.

ஜூன் 12, வியாழன்

அவள் வைத்தது ஓடுகிறது. மேனேஜர் ரயிலில் இருந்தே பார்த்தாராம்.

ஜூன் 13, வெள்ளி

சின்னவனுக்கு மாலை ஷிப்ட். நடுவில் சாப்பிட வீட்டுக்கு வந்தான். பேத்தி குளிக்கப் போயிருந்தாள், மருமகள் கடைக்கு. தட்டை மடியில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். வலது கையில் சோறு, இடது கை மவுஸில்.

“என்னடா பண்ற?”

“தொட்டி கழுவ வெந்நீர் விடணும்மா. இங்கேருந்தே விட்டுட்டேன்.”

என் மகன் எவ்வளவு கெட்டிக்காரன் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன். உடனே போன் அடித்தது. எடுத்தவன் “மூடிட்டேன், மூடிட்டேன்” என்று கத்திக்கொண்டே மவுஸைத் தட்டினான். கை கழுவாமல் ஓடினான்.

தொட்டிக்குள் கழுவுகிற ஆள் இருந்திருக்கிறார். முழங்கால் வரை வெந்துவிட்டதாம்.

ஜூன் 15, ஞாயிறு

திறந்தது அவள் என்கிறார்கள்.

“என் சாவி தான் பாட்டி. என் பேர் தான் வருது. இந்த வீட்டுலேருந்து தான் போயிருக்கு. நான் குளிச்சிட்டு இருந்தேன்னா யார் நம்புவா?”

ஷிப்ட் நேரத்தில் வெளியே வந்ததைச் சின்னவன் சொல்லவே இல்லை. தொட்டிப் பக்கம் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லியிருக்கிறான். எதிரில் உட்கார்ந்து அவளுக்கு ஆறுதல் வேறு. “சோதனை பண்ணும்போது கை பட்டிருக்கும் கண்ணு. சின்ன வயசு. பெரிசா எடுத்துக்க மாட்டாங்க.”

நான் அவன் முகத்தையே பார்த்தேன். அவன் என் பக்கம் திரும்பவில்லை.

அப்புறம் கொல்லைப்பக்கம் வைத்துக் கேட்டேன்.

“நீதானேடா?”

“மெதுவா பேசும்மா. இந்த வயசுல என்னை எவன் வேலைக்கு வெச்சுப்பான்? அவளுக்கு நூறு இடம் இருக்கு.”

“அந்த ஆளுக்குக் கால் வெந்திருக்கு.”

“தினம் ஆஸ்பத்திரிக்குப் போய் பாத்துட்டு தானே வரேன். நீ ஒண்ணும் பாக்கல. சரியா?”

சொல்லிவிட்டு என் மாத்திரையைக் கையில் வைத்துத் தண்ணீரும் கொடுத்தான். நானும் விழுங்கினேன்.

ஜூன் 16, திங்கள்

கம்பெனி அவளை வேலையில் இருந்து நிறுத்தி வைத்திருக்கிறது. பேர் கெட்டால் இனி எந்த ஆலையிலும் அவளை மிஷின் பக்கம் விட மாட்டார்களாம்.

அவளுக்கு அவன்மேல் சந்தேகமே இல்லை. “சித்தப்பா பாவம், எதையாவது மாத்தி அழிச்சிருப்பார், அதுல தானாத் திறந்திருக்கும். நான் தான் ஒரு தரம் பாத்திருக்கணும்” என்கிறாள். எப்படிப் பொறுப்பேன்? யாரை என்று பொறுப்பேன்? அவனைப் பெற்றதும் நான்தானே—

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

அவள் அழவில்லை. “அன்னிக்கே சொல்லியிருக்கலாமே பாட்டி” என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் என்னோடு பேசவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

அவளோடு ஆலைக்குப் போனேன். மேனேஜர், சின்னவன், வெந்துபோனவரோடு வேலை செய்த ஆள், எல்லாரும் இருந்தார்கள். பார்த்ததைச் சொன்னேன்.

சின்னவன் சிரித்தான். “அம்மாவுக்கு வயசாயிடுச்சு சார். நேத்து நடந்தது இன்னிக்கு ஞாபகம் இருக்காது. கண்ணும் சரியில்ல. பேத்தி மேல பாசம், அதான் வாய்க்கு வந்ததைச் சொல்றாங்க.”

என்னை. என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னான். காலையில் எனக்குப் பேப்பர் எடுத்துக் கொடுத்தவன்.

“எனக்கு ஞாபகம் இல்லைன்னா ‘மூடிட்டேன், மூடிட்டேன்’னு நீ போன்ல கத்தினது எப்படிடா ஞாபகம் இருக்கு?” என்றேன்.

வெந்துபோனவரோடு வேலை செய்தவர் நிமிர்ந்தார். “சார், போன் பண்ணது நான் தான். அதே வார்த்தை தான் சொன்னார். கண்ட்ரோல் ரூம்ல இருந்து மூடினார்னு நெனச்சேன்.” சின்னவனைப் பார்த்தார். “தொட்டிப் பக்கம் இருந்தேன்னு சொன்னீங்களே. அங்க நின்னுக்கிட்டு எதை மூடினீங்க?”

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். ஜெயித்த மாதிரி இல்லை.

ஜூலை 9, புதன்

சின்னவனை வண்டியில் பால் ஏற்றுகிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். என்னை அம்மா என்று கூப்பிடுவதில்லை. மருமகள் தட்டை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து “சாப்பாடு இருக்கு” என்கிறாள். கம்ப்யூட்டர் இருந்த மேசையில் இப்போது துணி மடித்து வைக்கிறார்கள்.

பேத்தி பக்கத்து வீட்டுப் போனுக்குப் பேசினாள். இத்தனை நாளில் இதுதான் முதல் தடவை. வேறு ஆலையில் இதே வேலையாம். சாவியை இனி தன் கையாலேயே அழித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாளாம். சித்தப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

“அந்தப் புது இடத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்து தபால்ல அனுப்புடி. இந்தப் போன்ல படம் வராது, வீட்டுப் போன்ல அனுப்பினா அது அவன் கைக்குத்தான் வரும். கவர் மேல அவன் பேரைப் போடாத. என் பேரை மட்டும் எழுது” என்றேன்.