வலிக்காத முட்டி

மார்ச் 4, செவ்வாய்

சைக்கிளில் அறுபத்தெட்டு கிலோமீட்டர்! பாதி நாள் வலது பக்கம், பாலம் தாண்டியதும் இடது பக்கம் என்று ஆறு கூடவே வந்தது. இரு கரையிலும் கடுகுப் பூ. படம் எடுக்க நிறுத்தி நிறுத்தியே பொழுது போய்விட்டது. பல் டாக்டர் கிளினிக்கின் வரவேற்பு மேசையில் பதினாறு வருஷம் உட்கார்ந்தே கிடந்தவளுக்கு இது பெரிசுதான்.

இன்று தங்குவது, சைக்கிளில் வருகிறவர்களுக்கு இடம் தருகிறவர்கள் பட்டியலில் கிடைத்த ஓர் அக்கா வீட்டில். அக்காவுக்கு நாற்றுப் பண்ணையில் வேலை, நகக்கண்ணெல்லாம் மண். அவர் வீட்டுக்காரர் பால் வண்டி ஓட்டுகிறார். வந்த பத்தாவது நிமிஷமே எனக்கு 'மாமா' ஆகிவிட்டார். நான் சைக்கிளை நிறுத்துவதற்குள் அக்கா பையைப் பிடுங்கிக்கொண்டார். "முதல்ல கால நீட்டி உக்காரு. மத்ததெல்லாம் அப்புறம்." என் பெயரைக் கேட்டதே சாப்பிட்டு முடித்த பிறகுதான்.

மார்ச் 5, புதன்

கிளம்பவில்லை. முடியாமல் இல்லை, மனசில்லை.

ஜன்னலைத் திறந்தால் மலை. அதில் நான் ஏற வேண்டிய ரோடு வளைந்து வளைந்து மேகத்துக்குள் போகிறது. இருபத்திரண்டு கிலோமீட்டர் ஏற்றம். இங்கேயோ வெயிலில் காய்ந்த போர்வை, கையில் சூடான டீ. "முட்டி கொஞ்சம் வலிக்குதுக்கா" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, சத்தியமாக.

அக்கா பண்ணைக்கு லீவு சொல்லிவிட்டார். இடது முட்டியில் துணிக் கட்டு, மேலே வெந்நீர்ப் பை. விவாகரத்து ஆகி ஏழு வருஷம். அதற்கப்புறம் 'சாப்பிட்டியா' என்று என்னை யார் கேட்டார்கள்? அக்கா இன்று நாலு தடவை கேட்டார். ஒரே ஒரு நாள் பொய். யாருக்கு என்ன நஷ்டம்?

மார்ச் 6, வியாழன்

நஷ்டம் இருக்கிறது.

அக்கா இன்று ஒன்பது மணி ரயிலில் மகளிடம் போக வேண்டியவராம். மகளுக்கு இன்னும் பத்து நாளில் பிரசவம். முதல் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. இந்த முறை, "நீ பக்கத்துல இருந்தாதான்மா எனக்குத் தைரியம்" என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எட்டு மணிக்கு அக்கா போனில் பேசும்போதுதான் இதெல்லாம் என் காதில் விழுந்தது.

"வந்த பொண்ணு நடக்க முடியாம கெடக்குறா. அப்பா விடியறதுக்கு முன்னாடியே வண்டி எடுத்துடுவாரு, யாரு பாத்துப்பா? ஞாயித்துக்கிழமை ரயில்ல வந்துடறேன்டி, பயப்படாத."

ஒரு மணி நேரம் முழுசாக இருந்தது. எழுந்து நாலடி நடந்து காட்டியிருந்தால் போதும். நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். இப்போது சொன்னால் நேற்றுச் சொன்னது பொய்யென்று தெரிந்துவிடுமே... அதுதான் பயம். அவ்வளவுதான் நான். சீ.

மார்ச் 7, வெள்ளி

இன்றும் சொல்லவில்லை. மூன்று வேளையும் சாப்பிட்டேன்.

மார்ச் 8, சனி

மத்தியானம் மாமா பின்பக்கம் பால் கேன் கழுவிக்கொண்டிருந்தார். நான் கை கழுவ நொண்டிக்கொண்டே போனேன். அவர் நிமிரவில்லை.

"கட்டு இடது கால்ல இருக்கு. நீ வலது கால நொண்டுற."

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அடுத்த கேனை எடுத்துக்கொண்டு, "நான் சொல்ல மாட்டேன். நீயே அவகிட்ட சொல்லிடும்மா" என்றார்.

சொல்லத்தான் உள்ளே போனேன். போன் முந்திக்கொண்டது. மகளுக்கு இப்போதே வலி வந்துவிட்டது. ரயில் நாளைக்குத்தான். பால் வண்டியிலேயே போய்விடலாம் என்று மாமா சாவியைத் தேட, அக்கா பையில் எதை எதையோ திணித்தார். அந்த அவசரத்திலும் என்னிடம், "சோறு வடிச்சு வெச்சிருக்கேன். ரொம்ப நடக்காத" என்றார்.

"அக்கா, எனக்கு வலிக்கல."

"கொறைஞ்சிடுச்சா?"

"வலிக்கவே இல்லக்கா. முதல் நாள்லேருந்து."

திட்டவில்லை. திட்டியிருக்கலாம், ஓர் அறை விட்டிருக்கலாம். குனிந்து என் முட்டிக் கட்டை அவிழ்த்தார், சுருட்டி அலமாரியில் வைத்தார். "சாப்பிட்டுட்டு கதவச் சாத்திட்டுப் போ." என் முகத்தைப் பார்க்காமலே வண்டியில் ஏறிவிட்டார். ஆறு மணி நேரப் பயணம்.

அந்த நேரம் பார்த்தா சொல்வது? என் பாரம் இறங்க வேண்டுமென்று, மகளை நினைத்துத் தவிக்கிறவர் தலையில் அதையும் ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஏறிவிட்டேன், இருபத்திரண்டும். மேலே நின்றால் ஆறு, வயல், ஊர் எல்லாம் தெரிந்தது. படம் எடுக்கவில்லை.

மாமாவின் செய்தி: 'பெண் குழந்தை. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. நாங்க போறதுக்குள்ள பொறந்துடுச்சு.'

கடைசி வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 2, புதன்

மத்தியானம் கிளினிக்கில் கூட்டமில்லை. பல் சுத்தம் செய்யப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண், அடுத்த மாதம் அதே ஆற்றோர வழியில் சைக்கிளில் போகிறாளாம். வழியில் தங்க இடம் தருகிறவர்களின் பட்டியலைப் போனில் காட்டினாள். "நீங்க தங்கின வீடு இதுதானே?"

அதேதான். அக்கா பெயர் இன்னும் பட்டியலில் இருப்பதைப் பார்த்ததும் உயிர் வந்த மாதிரி இருந்தது. ஆனால் நான் போன சமயத்தில் எத்தனை நாள் தங்கலாம் என்ற பேச்சே அதில் கிடையாது. இப்போது கீழே ஒரு வரி சேர்ந்திருக்கிறது: 'ஒரு நாள் மட்டும்.'

"அவ்ளோ நல்லவங்கன்னீங்க? அப்புறம் ஏன் ஒரே நாளு?"

"நல்லவங்கதான்."

"யாராச்சும் போய் ஏமாத்திட்டு வந்திருப்பாங்களோ?"

நோயாளிகள் வருகைப் பதிவை எழுதிக்கொண்டிருந்தேன். பேனாவை மூடி வைத்தேன்.

"ஆமா. நான்தான்" என்றேன்.