இருபது ஆட்டம்

14 ஜூலை 1958, திங்கள். ராமநாதபுரம்

ஆறாம் பாரம் பௌதிக வகுப்பில் இன்று சோதனைகளுக்கு ஜோடி பிரித்தார்கள். பையன்கள் பதினொருவர், பெண் நான் ஒருத்தி. ஐந்து ஜோடி போக, சலாஹுதீன் மிஞ்சினான். கணக்குப்படி எனக்கு அவன்தான். சார் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பிறகு அவனை மருதுபாண்டியின் ஜோடியில் மூன்றாவது ஆளாகச் சேர்த்துவிட்டார். தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடினான். நான் என்ன, கடிக்கவா போகிறேன்?

ஜன்னலோர மேசை முழுவதும் எனக்கே. ராஜபோகம்தான்.

16 ஜூலை

பெயர் கூப்பிட்டபோது "உள்ளேன் ஐயா." இன்று பள்ளிக்கூடத்தில் நான் பேசியது அவ்வளவுதான்.

4 ஆகஸ்ட்

ஊசல் சோதனை. நூலில் பித்தளைக் குண்டைத் தொங்கவிட்டு ஆட்ட வேண்டும். போய்த் திரும்பி வந்தால் ஓர் ஆட்டம். இருபது ஆட்டத்துக்கு எத்தனை விநாடி என்று பார்த்து, அதிலிருந்து பூமியின் இழுப்பைக் கணக்கிட வேண்டும். 980 வர வேண்டும். ஜோடியில் ஒருவன் எண்ணுவான், மற்றவன் கடிகாரம் பார்ப்பான். எனக்கு ஒரு கண் அங்கே, ஒரு கண் இங்கே. விடை 1086.

சார் என் நோட்டைத் தூக்கிக் காட்டினார். "சண்முகவள்ளிய மட்டும் பூமி கூடக் கொஞ்சம் இழுக்குதாம்ல." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். நான் தங்கிப் படிக்கும் சின்னம்மா வீட்டுக்கு வந்து, குளிக்கிற சாக்கில் அழுதேன்.

11 ஆகஸ்ட்

நூலைக் குறைத்துப் பார்த்தேன். 1086. கூட்டிப் பார்த்தேன். 1085. தப்பு என்றால் நாளுக்கு ஒரு மாதிரி வரவேண்டாமா? இது பிடித்த பிடியில் நிற்கிறது.

2 செப்டம்பர்

கெடு வைத்துவிட்டார்கள். தை முடிவதற்குள் எல்லாச் சோதனைக்கும் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். வாங்காதவர்களுக்குச் செய்முறைப் பரீட்சை கிடையாது. அது இல்லையென்றால் கல்லூரியில் பி.யு.சி. விஞ்ஞானம் இல்லை, மதுரை இல்லை. அய்யா என்னை இங்கே கொண்டுவந்து விட்ட அன்றே சொன்னார்: "ஒரு தடவதான் தாயி. தட்டிப்போச்சுன்னா வீட்டுக்கு வந்துரணும்." அவர் சொன்ன சொல் மாறாதவர். ஊரே மெச்சுகிறது. எனக்கல்லவா தெரியும் அதன் கஷ்டம்.

9 செப்டம்பர்

மருதுபாண்டி மேசையில் நடப்பதைப் பார்த்தேன். முதலில் 980 என்று எழுதிக்கொள்கிறார்கள். பிறகு அதற்கு ஏற்ற விநாடியைக் கணக்குப் போட்டு மேலே நிரப்புகிறார்கள். குண்டு ஆடவே இல்லை. மூன்று பேருக்கும் கையெழுத்து விழுந்தாயிற்று.

ஊரோடு ஒத்துப்போ என்பார்கள். நானும் பென்சிலால் 980 எழுதினேன். அழித்தேன். நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் வீம்பு. என் 1086 எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எப்படி விடுவது?

12 அக்டோபர், ஞாயிறு

சித்தப்பா மதியம் தூங்கினார். அவருடைய கைக்கடிகாரத்தைக் கேட்டு வாங்கி, உத்தரத்தில் ஒரு கல்லைக் கட்டி ஆட்டினேன். நாற்பது ஆட்டம்: 1031. அறுபது: 1013. நூறு: 1000. கூட எண்ண எண்ண 980-ஐ நெருங்குகிறது. இன்னொன்றும் கவனித்தேன் — 980-க்கு வர வேண்டிய விநாடியோடு ஒப்பிட்டால், எத்தனை எண்ணினாலும் ஓர் ஆட்டத்தின் நேரம்தான் குறைகிறது. ஒன்றே ஒன்று. அதை யார் தின்கிறார்கள்?

சின்னம்மா எட்டிப் பார்த்தாள். கல் ஆடுவதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் படிக்க வந்தாய் என்றாள். நல்லவள், சூடாகக் காப்பி கொடுத்தாள். ஆனாலும் யாரிடமாவது "ஒண்ணு கொறையுதுடி, ஒண்ணே ஒண்ணு" என்று சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. யாரிடம் சொல்ல? ஒருத்தரும் இல்லை.

20 நவம்பர்

மழை. பள்ளிக்கூடம் இல்லை. ஒன்றும் பிடிபடவில்லை.

17 ஜனவரி 1959. ஊர்

பொங்கலுக்கு வந்தேன். களத்தில் எங்களிடம் வேலை பார்க்கும் தவசி நெல் அளந்துகொண்டிருந்தார். லாபம், ரெண்டு, மூணு... எங்கள் பக்கம் ஒன்று என்று தொடங்க மாட்டோம், லாபம் என்போம். பிறந்ததிலிருந்து நான் எதையும் அப்படித்தான் எண்ணுகிறேன். ஊசலையும். குண்டைக் கையிலிருந்து விடும்போதே மனதுக்குள் லாபம் என்பேன்.

தவசியோ, மரக்காலைச் சாக்கில் கொட்டிய பிறகுதான் லாபம் என்றார். நான் அருகே போய், கொட்டுவதற்கு முன்னாலேயே சொன்னால் என்ன என்று கேட்டேன்.

"கொட்டாம எப்படித் தாயி லாபம்ங்கிறது? காத்தையா அளக்குறோம்?"

நான் காற்றைத்தான் அளந்திருக்கிறேன். ஆடாத ஆட்டத்துக்கு ஒன்று போட்டு, பத்தொன்பதை இருபது என்று எழுதியிருக்கிறேன். ஐந்து மாதமாக. பக்கத்தில் ஓர் ஆள் நின்றிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்.

19 ஜனவரி. ராமநாதபுரம்

விடும்போது சுழி, திரும்பி வந்தால் ஒன்று. அய்யா காதில் விழுந்தால், சுழியில் தொடங்கினால் விளங்குமா என்று வைவார். 978 வந்தது.

சார் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுத்தார். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்பார் என நினைத்து, பதிலைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். கேட்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதை எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன்.

4 மார்ச்

செய்முறைப் பரீட்சை. ஆளுக்கு ஒரு மேசை, ஜோடி கிடையாது. வெளியூர் சார் கூடவே நின்று பார்த்ததால், விடையை முதலில் எழுத வழியில்லை. சீட்டுக் குலுக்கியதில் எனக்கு ஊசல். பக்கத்து மேசையில் சலாஹுதீனுக்கும் ஊசல்.

அவன் இந்த வருஷம் குண்டைத் தொட்டே பார்த்ததில்லை. விட்டவுடன் அவன் வாய் லாபம் என்று அசைந்தது. அவர்கள் வீட்டிலும் அப்படித்தான் போலிருக்கிறது. என்ன விடை வரும் என்று எனக்குத் தெரியும். அவன் அழித்து அழித்து எழுதினான். ஒரு தடவை என் பக்கம் திரும்பினான். பேசக் கூடாது, சரி. நான் எண்ணும்போது "சுழி" என்று கொஞ்சம் சத்தமாக எண்ணியிருக்கலாம். வாய்க்குள்ளேயே எண்ணினேன். 981.

சந்தோஷம் வரவில்லை.

1 ஜூன். ஊர்

தேறிவிட்டேன். அய்யா என் நம்பர் வந்த பேப்பரை மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லோரிடமும் காட்டுகிறார். மதுரைக்கு அவரே வந்து சேர்ப்பாராம்.

சலாஹுதீன் தேறவில்லை. தனுஷ்கோடிக்கு ரயிலேறி, கப்பலில் கொழும்புக்குப் போய்விட்டானாம், அவன் மாமா கடைக்கு. ஊசலால்தான் என்று சொல்ல முடியாது. ஊசலால் இல்லை என்றும் சொல்ல முடியாது. என் பக்கம் திரும்பினானே, அது போக மாட்டேன் என்கிறது.

13 ஜூலை 1959. மதுரை

கல்லூரியில் முதல் சோதனை, மறுபடியும் ஊசல். எனக்கு ஜோடி நூர் நிஷா, கீழக்கரைப் பெண். கடிகாரத்தை நானே எடுத்துக்கொண்டேன், குண்டையும் நானே விட்டேன். பழக்கம். அவள் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அப்ப நா எதுக்கு இங்கன நிக்கிறேன்?"

கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கடிகாரத்தைக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. கொடுத்தேன்.

பதினாறாவது ஆட்டத்தில் அவள் ஏதோ சொல்ல, நான் சிரித்துவிட்டேன். எண்ணிக்கை தவறிப்போயிற்று. முதலிலிருந்து தொடங்கினோம்.