முதலில் ஊற்றியவள்

கேளம்பாக்கம்
9.6.2003

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நம் ஊர்ப் பால் சங்கத்தில் சோதனை மெஷினை வைத்தது நான். வைத்த மறுநாள் காலையே உன் சீட்டில் ‘சேர்த்த தண்ணீர் 8 சதவீதம்’. ஒருநாள் என்றால் விடலாம். நான்கு காலையும் எட்டு, ஒன்பது. செயலாளர் தர்மராஜ் என் கம்பெனிக்கே போன் போட்டு, “இன்னா கலை, உங்க அக்கா வூட்டுப் பசு கிணத்துல நின்னுகினு கறக்குதா?” என்று சிரிக்கிறார்.

இத்தனை வருடமாகக் கண்ணால் பார்த்து, விரலால் தொட்டுப் பால் எடுத்தார்கள். வேண்டியவன் பாலில் தண்ணீரே தெரியாது. அந்தத் திருட்டை ஒழிக்கத்தான் இந்த மெஷின். அதில் அகப்பட்ட முதல் திருடி என் அக்காவா? மெஷினுக்கு உறவு தெரியாது. இன்றோடு நிறுத்து.

கலையரசன்


வடக்குத் தெரு, கருங்குழி வழி
14.6.2003

அன்புத் தம்பி கலைக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். ஓட்டல் சாப்பாட்டைக் குறை.

நான் தண்ணீர் ஊற்றவில்லை. சங்கம் என் வாசலுக்கு எதிரே இருக்கிறது. ஐந்தரைக்குக் கறந்த சூட்டோடு முதல் ஆளாய் நிற்கிறேன். சாயங்காலம் கழனியிலிருந்து வந்து கடைசியாய் ஊற்றுகிறேன். அதே பசு, அதே கை. சாயங்காலம் தண்ணீர் இல்லை என்கிறது, காலையில் உண்டு என்கிறது. ஏன் என்று படித்த நீ சொல்.

“நேரா டீக்கடைக்கே ஊத்திடுமா, அவனுக்குத் தண்ணி ஊத்துற வேலை மிச்சம்” என்கிறார்கள். வரிசையில் எனக்கு அடுத்து நிற்கிற சின்னப்பொண்ணு ஒருத்திதான் சிரிக்கவில்லை. இந்த மாதம் முழுக்க இப்படியே வந்தால் என்னைச் சங்கத்திலிருந்து நீக்குவார்களாம்.

தமிழ்ச்செல்வி


கேளம்பாக்கம்
24.6.2003

அக்காவுக்கு,

வருகிற ஆத்திரத்துக்கு அந்த மெஷினை உடைத்துப் போடலாம் போலிருக்கிறது.

நேற்று வேறொரு ஊர்ச் சங்கத்துக்குப் போனேன். அங்கே காலையில் முதலில் ஊற்றுவது செயலாளர். அவர் பாலிலும் எட்டு சதவீதம். அவர் எதற்குத் தண்ணீர் ஊற்றப் போகிறார் என்று மெஷினைக் கழற்றிப் பார்த்தேன். இரவு கழுவிய தண்ணீர் குழாயில் தங்கிவிடுகிறது. காலையில் முதல் ஆளின் பால் அதோடு கலக்கிறது. அதைக் கொட்டிவிட்டு மறுபடி சோதிக்க வேண்டும் என்று இங்கிலீஷ் புத்தகத்தில் இருக்கிறது. தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டியது நான். ஒரே தாளில் அடங்கவில்லை என்று அந்த வரியை எடுத்ததும் நான்.

அறுபது சங்கத்தில் அந்தத் தாள் இருக்கிறது. மேனேஜருக்குத் தெரிந்தால் என் வேலை போய்விடும். போகிற ஊரில் எல்லாம் சத்தமில்லாமல் தாளை மாற்றிவிடுகிறேன். நம் ஊருக்கு வர இரண்டு மாதம் ஆகும். அதுவரை நீ இரண்டாவதாக நில். யாரிடமும் மூச்சு விடாதே.

கலையரசன்


வடக்குத் தெரு, கருங்குழி வழி
1.7.2003

கலைக்கு,

நீ சொன்னபடி நேற்று இரண்டாவதாக நின்றேன். எனக்கு முன்னால் சின்னப்பொண்ணு. அவளுக்கு எட்டு வந்தது, எனக்கு ஒன்றுமில்லை. தர்மராஜ் இரண்டு சீட்டையும் உரக்கப் படித்து, “இன்னாமா, ஒட்டுவாரொட்டியா இது?” என்றார். வரிசையே சிரித்தது. அவள் அழவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

வீட்டுக்குள் போய் உன் கடிதத்தை எடுத்துவந்து அத்தனை பேர் முன்னாலும் படித்தேன். முழுதும் படித்தேன். வேலை போய்விடும் என்ற வரியையும் விடவில்லை. தர்மராஜ் பத்து மணிக்கு உன் மேனேஜருக்குப் போன் போட்டார்.

செயலாளர் பால் என்றதும் மெஷினைக் கழற்றியிருக்கிறாய். என் பால் என்றபோது என்னைத் திருடி என்றாய். அதைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வார்த்தையாவது இருக்கும் என்று இரண்டு தடவை தேடினேன்.

கோபித்துக்கொள்ளாதே என்று எழுத மாட்டேன். கோபித்துக்கொள்.

தமிழ்ச்செல்வி