தேதி எழுதும் வேலை

தேனி,
12.8.2004

அன்புள்ள சொர்ணலதாவுக்கு,

கர்த்தருடைய தயவால் சுகமாயிருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே மில் விடுதியில் என் வேலை என்னவென்று உனக்கு முழுதாய்ச் சொல்லவில்லை. பெண்பிள்ளைகளுக்கு மாதவிலக்கு வந்த தேதியைப் பதிவேட்டில் எழுதுகிறேன். அவர்கள் உடம்பைக் கவனிக்கத்தான் என்றார் மேனேஜர். நாற்பது நாள் தாண்டினால் அவரிடம் சொல்ல வேண்டும். போன மாதம் கெங்குவார்பட்டி ஜோதிகாவுக்குத் தாண்டியது. சொன்னேன். மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ரத்தம் குறைவு என்று டாக்டர் சீட்டு பிறகுதான் வந்தது. அதற்குள் ஊரில் வேறு பேச்சாகி, நிச்சயித்த கல்யாணமும் நின்றுபோயிற்று.

பெட்டியை எடுக்க வந்த அவள் தாய் என்னைத் திட்டவில்லை.

"நீங்கதான் எழுதுனீகன்னு சொன்னாக. எம்புள்ளைகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு எழுதியிருக்கக் கூடாதாய்யா?"

கேட்கக் கூச்சமாயிருந்தது என்று எப்படிச் சொல்வேன்? முப்பத்திரண்டு வருஷம் வாத்தியாராக இருந்தவன்.

பழைய உள்பனியன் இரண்டு அனுப்பு. உன் கடிதத்தைக் கொஞ்சம் நீளமாக எழுது, என்ன சமைத்தாய் என்றாவது எழுது.

இந்த மாதம் எல்லாப் பிள்ளைகளும் அவரவர் போன தேதியிலிருந்து சரியாக இருபத்தெட்டாம் நாள் கதவருகே வந்து தேதி சொல்லுகிறார்கள். பொய்யென்று தெரிந்தே எழுதுகிறேன். இனி யாருக்கு உடம்பு கெட்டாலும் அதில் தெரியப்போவதில்லை. பதிவேடு இப்போதுதான் ஒழுங்காக இருக்கிறது என்று மேனேஜர் பாராட்டினார்.

தபால் கொண்டுபோகும் ஆள் நிற்கிறார்.

உன்,
ஞானதுரை